பங்குக் கிணறு

பிரதேச சபை அமர்வுகளைப் பல ஆண்டுகள் செய்தியாளனாகப் பார்த்த நான், கடந்த வாரம் வெறும் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகள், 2025 மே தேர்தலின் பின்னரே மீண்டும் கூடின. அதற்குள் யாழ்ப்பாணத்து எங்கள் ஒழுங்கையில், வெளிநாட்டில் வாழ்வோரின் மூன்று வீடுகள் இணையம் வழியாக நாள் வாடகைக்குப் போய்விட்டன.

விடுதிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சபைக்கு உண்டு. பெயர்ப்பலகை இல்லாத வீடு விடுதியா என்பதே விவாதம். "வெளிநாட்டுக் காசு வருகுது, ஏன் தடுப்பான்?" என்றார் ஓர் உறுப்பினர். பக்கத்து வீட்டு மாமியின் முறைப்பாடோ தண்ணீர் பற்றியது. பங்குக் கிணற்றில் விருந்தினருக்காக மோட்டர் ஓயாது ஓட, பின்னேரம் அவரது வாளியில் கலங்கல்தான் வருகிறது. வீடுகளின் பட்டியல் தயாரிப்பதென முடிவாயிற்று.

மோட்டர் ஓடும் வீடு என் அண்ணனுடையது. திறப்பு என்னிடம். அமர்வில் நான் வாய் திறக்கவில்லை.

மாலை மோட்டரை நிறுத்தப் போனேன். வேலிக்கு அப்பால் நின்று மாமி கேட்டார்: "என்ன முடிவு, தம்பி?"

"பட்டியல் எடுக்கினமாம், மாமி."