நூற்றுக்கு எத்தனை?

ஒரு திரைப்படத்தைப் பார்த்து முடித்தவரிடம், "எப்படி இருந்தது?" என்று வினவினால், "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்லை உதிர்த்துவிட்டு எழுந்து செல்வோரே மிகுதி. அந்தப் "பரவாயில்லை"க்குள் பாராட்டும் இருக்கலாம், சலிப்பும் இருக்கலாம், பாதிப் படத்தில் உறங்கிவிட்ட உண்மையும் ஒளிந்திருக்கலாம். "நூற்றுக்கு எத்தனை கொடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சற்று நின்று யோசிப்பார்கள்.

இந்த யோசனைக்குத் தமிழ் வாசகர்களைப் பழக்கிய பெருமை ஆனந்த விகடனைச் சாரும். 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்திற்கு அவ்விதழ் வழங்கிய 62.5 மதிப்பெண்ணும், அடுத்த ஆண்டு 'முள்ளும் மலரும்' பெற்ற 61 மதிப்பெண்ணும் இன்றளவும் பேசப்படுகின்றன. நூற்றுக்கு அறுபது பெற்றவரை வகுப்பின் முதல் மாணவராகக் கொண்டாடும் விந்தையை வேறெங்கும் காண இயலாது. என் வாப்பா, மர்ஹூம், தம் வாழ்நாளில் திரையரங்கின் படியை மிதித்தவரல்லர். எங்கள் ஊர் காயல்பட்டினத்தில் மிதிப்பதற்குத் திரையரங்கும் இல்லை. ஆயினும் முடிதிருத்தும் கடையில் காத்திருக்கும் நேரத்தில் விகடனைப் புரட்டி, எந்தப் படம் எத்தனை வாங்கியது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு வருவார். பார்க்காத படத்தின் மதிப்பெண்ணில் அவரிடம் யாரும் பிழை காண முடியாது!

"இந்த இதழிலா சினிமாப் பேச்சு?" என்று புருவம் உயர்த்தும் சகோதரிகளும் இருப்பீர்கள். நான் எழுத வந்தது படங்களைப் பற்றி மட்டுமன்று.

இப்போது நாங்கள் வசிப்பது சென்னை மண்ணடியில். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்மக்கள் தாயோடுதான். எனவே எண்பத்தொரு வயதான என் உம்மா, நான், என் கணவர், மகள், மருமகன், பேரன், கல்லூரியில் படிக்கும் என் மகன் என ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறை. 2020இல் ஊரடங்கு எங்களை வீட்டுக்குள் அமர்த்தியபோது, வாரம் ஒரு படம் என்ற பழக்கம் தொடங்கியது. வியாழன் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின், கூடத்தில் எல்லாரும் கூடுவோம். படத்தைத் தேர்ந்தெடுப்பது என் மகளின் பொறுப்பு. குழந்தையை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடியதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவாள். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் மதிப்பெண்ணையும், அதற்குரிய காரணத்தை ஒரே வாக்கியத்திலும் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்போம். காரணம் எழுதாத மதிப்பெண் குறிப்பேட்டில் ஏறாது. இந்த விதியை வகுத்தவர் உம்மாதான்.

உம்மா தம் சீட்டை அரபுத் தமிழில் எழுதுவார். வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்துகளில் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருவரே: எழுதியவரும், அவரிடம் கற்றுக்கொண்ட நானும். ஆதலால் அவருடைய தீர்ப்பை உரக்கப் படிப்பது எப்போதும் என் வேலை.

கைப்பேசியில் நட்சத்திரங்களைப் பார்த்துப் படம் தேர்வு செய்யும் என் மகனுக்கு முதலில் இது வேடிக்கையாகத் தோன்றியது. "உலகமே மதிப்பெண் போட்டு வைத்திருக்க, நாம் ஏழு பேர் எதற்கு?" என்றான். அவனை மடக்கியவர் என் மருமகன். கணக்காளரல்லவா? பாதிப் பேர் பத்துக்குப் பத்தும் மீதிப் பேர் பத்துக்கு ஒன்றும் கொடுத்தால் சராசரி ஐந்தரை. எல்லாருமே சலிப்போடு ஐந்தரை கொடுத்தாலும் சராசரி அதே ஐந்தரை. முதல் படத்தைப் பற்றி ஊரே சண்டையிடுகிறது. இரண்டாவதை மறுநாளே மறந்துவிடுகிறது. எண்ணில் மட்டும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்! 'ராட்டன் டொமேட்டோஸ்' என்ற தளத்தின் கணக்கோ வேறு. எத்தனை விமர்சகர்கள் 'நன்று' என்றார்கள் என்ற விழுக்காடு மட்டுமே அங்கு எண்ணப்படுகிறது. நூறு பேரும் "சுமாராக நன்று" என்று முணுமுணுத்தாலும் அந்தப் படத்துக்கு நூறு விழுக்காடு கிடைத்துவிடும். இதைக் கேட்ட உம்மா, "மாப்பிள்ளை பார்க்கப் போய் வந்தவர்கள் சொல்வது போல இருக்கிறதே" என்றார்.

அண்மையில் பார்த்தவற்றுள் 2018இல் வெளிவந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளப் படம் எங்கள் வீட்டில் எளிதாகத் தேறியது. மலப்புறத்துக் கால்பந்துக் குழுவுக்கு விளையாட வந்த நைஜீரிய இளைஞன் அடிபட்டுப் படுக்கையில் விழ, குழுவின் மேலாளர் மஜீதின் தாயும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் அவனைத் தம் பிள்ளையாகப் பேணுகிறார்கள். அவனுக்கு மலையாளம் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அதைப் பொருட்படுத்தாமல் அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இரு தாய்மாருக்காகவே நான் 80 கொடுத்தேன். என் கணவர் 65. பெற்ற மகன் தன் தாயின் இரண்டாம் கணவரிடம் முகங்கொடுத்துப் பேச இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. ஆஸ்கர் விருதின் இறுதிப் பட்டியலுக்குச் சென்ற முதல் ஈரானியப் படம் இதுவே. தமிழிலும் 2022இல் 'அக்கா குருவி' என்ற பெயரில் வந்தது. தங்கை ஸஹ்ராவின் காலணிகளைத் தொலைத்துவிட்ட அண்ணன் அலி, வறுமையில் உழலும் தந்தையிடம் சொல்ல அஞ்சுகிறான். காலையில் தங்கையும் பிற்பகலில் அண்ணனுமாக ஒரே சோடியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்பதால் மூன்றாவதாக வர விழைந்த சிறுவன் முதலாவதாக வந்துவிட்டு அழும் காட்சியில் என் மகன் அழுததை இங்கே எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனால் உம்மா 92 கொடுத்தது அந்த ஓட்டத்திற்காக அன்று. தந்தை பள்ளிவாசலுக்குரிய கட்டிச் சீனியை வீட்டில் அமர்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். தேநீர் கொண்டுவரும் மகளிடம் சீனி கேட்கிறார். முன்னால் இவ்வளவு சீனி கிடக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று மறுத்துவிடுகிறார். பாரசீகத்தில் கட்டிச் சீனிக்குக் 'கந்த்' என்று பெயர்; நம் கற்கண்டில் உள்ள 'கண்டு' அதற்கு உறவு. "அமானிதத்தில் ஒரு துண்டு எடுக்காதவன் பிள்ளைகள் பொய் சொன்னதுதான் எட்டு மார்க் குறைவு" என்று எழுதியிருந்தார் உம்மா. படத்தில் ஒரு நிமிடமே வரும் காட்சி. நாங்கள் அறுவரும் அதைக் கவனிக்காமலே கடந்துவிட்டிருந்தோம்.

அதன் பின்னர் வந்த வியாழனில்தான் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'ஒரு பிரிவு'. 2011இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடியும், 2012இல் ஆஸ்கரும் பெற்ற படம். டெஹ்ரானில் வாழும் சிமின், மகளின் எதிர்காலத்தை எண்ணி வெளிநாடு செல்ல விரும்புகிறாள். கணவன் நாதிர் மறுக்கிறான். அவனுடைய தந்தைக்கு ஞாபகம் அழிந்துபோகும் நோய். நீங்கள் மகன் என்பதே அவருக்குத் தெரியவில்லையே என்கிறாள் மனைவி. அவர் என் தந்தை என்பது எனக்குத் தெரியுமே என்கிறான் அவன். அவள் தாய்வீடு சென்றுவிட, முதியவரைப் பார்த்துக்கொள்ள ரஸியா என்ற ஏழைக் கர்ப்பிணி வேலைக்கு அமர்த்தப்படுகிறாள். அங்கிருந்து ஒரு தள்ளல், ஒரு கருச்சிதைவு, ஒரு வழக்கு என்று கதை முடிச்சு மேல் முடிச்சாக இறுகுகிறது.

எங்கள் வீட்டு நிலையையும் இங்கே கூற வேண்டும். ஓராண்டாகவே உம்மாவுக்கு மறதி. அடுப்பில் வைத்ததை மறப்பார். சில மாலைகளில் என்னைத் தம் மறைந்த தங்கையின் பெயரால் அழைப்பார். பெரும்பாலான நேரம் தெளிவாகவே இருப்பார். மருமகனுக்கு தோஹாவில் நல்ல வேலை ஒன்று கூடிவந்திருந்தது. குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம். உம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டி விடுவது, இரவில் எழுந்தால் உடன் எழுவது எல்லாம் என் மகள். எனக்கு முழங்கால் வலி. இரண்டு மாதங்களாக இச்செய்தி சமையலறையிலும் மாடிப்படியிலும் தாழ்ந்த குரலில் பேசப்பட்டு வந்ததே தவிர, கூடத்துக்கு வரவில்லை. மகள் இந்தப் படத்தை எண்ணித்தான் தேர்ந்தாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆங்கில எழுத்துகளை அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வர, உம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். முதியவர் ஆடையை நனைத்துக்கொண்டதும், அவரை மாற்றிவிடுவது பாவமாகுமா என்று ரஸியா தொலைபேசியில் மார்க்கம் அறிந்தவரிடம் கேட்கும் இடத்தில் மகளின் குரல் தடுமாறியது. நாதிர் தந்தையைக் குளிப்பாட்டும்போது உடைந்து அழும் இடத்தில் ஒருவரும் பேசவில்லை. இறுதியில், ஐயத்தோடு குர்ஆன் மீது கை வைக்கமாட்டேன் என்று ரஸியா பின்வாங்குகிறாள். அவள் இழப்பது ஒரு பெருந்தொகை.

சீட்டுகளைப் பிரித்தோம். மருமகன் 95: "யாரும் கெட்டவர் இல்லை, ஆனாலும் எல்லாரும் தோற்கிறார்கள்." என் கணவர் 85: "அந்த ஏழைப் பெண்ணின் அச்சம் அவ்வீட்டில் விலைமதிப்புள்ள ஒரே பொருள்." எனக்கு 88; காரணத்தை விட்டுவிடுகிறேன், அது மருமகனுடையதைப் போன்றதுதான். மகள் 40. வீட்டின் மிகக் குறைந்த மதிப்பெண்ணாக அதுவே இருக்கும் என்று நினைத்தோம். "போகாதே என்று அவன் ஒரு தடவை சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள், போ என்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தாள். மருமகன் தலை குனிந்து தன் சீட்டை மீண்டும் மடித்தார்.

உம்மாவின் சீட்டைக் கையில் எடுத்தேன். 35. அதன் கீழே இருந்த வரியை வாசிக்க எனக்குச் சற்று நேரமாயிற்று. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

"அந்த வாப்பாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை."

படத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். அவருக்காக மகன் அழுகிறான், மருமகள் வாதிடுகிறாள், வேலைக்காரி பாவமாகுமோ என்ற அச்சத்தில் தவிக்கிறாள். நீதிபதி முன்னால் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்பவர் எவருமில்லை. எத்தனையோ அறிஞர்கள் அலசிய படம் அது. இந்த ஒரு குறையைக் கூறிய விமர்சனத்தை நான் கண்டதில்லை. அவருக்கு விடை சொல்லத் தெரியாதே என்று என் மகன் மெல்லக் கூறினான். "தெரியாதது வேறு, கேட்காதது வேறு வாப்பா" என்றார் உம்மா.

பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "தோஹாவில் இப்போது சூடா, குளிரா?" என்று கேட்டார்.

அவ்விரவு நாங்கள் உறங்கச் சென்றபோது மணி இரண்டு. எல்லாம் பேசப்பட்டது. போகவேண்டும் என்றார் உம்மா. என் மகளோ தன்னால் இயலாது என்று அழுதாள். எனக்கு உதவியாக ஊரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைப்பது பற்றி, அவளுக்கு என்ன கொடுப்பது என்பது பற்றி, பேரனின் பள்ளி பற்றிப் பேசினோம். உம்மா மூன்று நிபந்தனைகள் விதித்தார். குளிப்பாட்ட வருபவளைத் தாமே பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இன்னும் மறதி மிகுந்தால் அதைத் தம்மிடம் மறைக்கக்கூடாது. தாம் விடை சொல்லாவிட்டாலும் தம்மிடம் கேட்டுவிட்டே எதையும் செய்ய வேண்டும். மூன்றாவதை இருமுறை கூறினார். மறந்துபோய்க் கூறினாரா, வலியுறுத்திக் கூறினாரா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இருமுறையும் சரி என்றோம்.

ஷவ்வால் பிறை கண்டபின் அவர்கள் புறப்பட்டுச் சென்றார்கள். குறிப்பேடு இப்போது என் மகனிடம். வியாழக்கிழமைகளில் அங்கும் இங்கும் ஒரே படத்தைப் பார்க்கிறோம். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் சொல்லும் வேலை அவனுக்கு வந்திருக்கிறது. அவன் பாதியை விழுங்கிவிடுகிறான் என்பது உம்மாவின் முறையீடு. சென்ற வாரம் தோஹாவிலிருந்து என் மகளின் மதிப்பெண் வந்தது: 71. பேரனுக்குக் காய்ச்சலாம், காரணத்தைப் பிறகு அனுப்புகிறேன் என்றாள். என் மகன் பேனாவை எடுத்தான். உம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.