சுருளின் மீது சுமத்தப்படும் பழி

1990இல் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, பெற்றோலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இடைக்கிடை தீப்பற்றாது எஞ்சின் விக்கி விக்கி ஓடுவது அன்று வழமை. அவ்வேளையில் ஐயம் முதலிற் சென்றடைவது கொயில் எனப்படும் தூண்டற் சுருளையே. அது மூடிய உருளைக்குள் இருப்பது, கண்ணாற் காணவியலாதது, எனவே பழி சுமத்த வசதியானது. மாற்றுக் கொயில் எளிதிற் கிட்டாத ஊரிலோ, பிழையான தீர்ப்பு வாடகைக் கார்க்காரரின் பிழைப்பையே நிறுத்திவிடும்.

இத்தகைய கார்களில் நான்கு சிலிண்டர்களுக்கும் கொயில் ஒன்றே. பற்றரியின் 12 வோற்று அதன் முதற்சுருளிற் பாய்கின்றது. பொயின்ற் திறந்து மின்னோட்டம் அறும் கணத்தில் துணைச்சுருளிற் பல்லாயிரம் வோற்று எழுகின்றது. ஆதலாற் கொயில் நலிந்தால் நான்கு சிலிண்டர்களும் துன்புறும். ஒன்று மட்டும் தவறுமாயின் குற்றம் வேறிடத்தில் உள்ளது. எஞ்சின் ஓடுகையில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதன் பொருள் இதுவே. எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே உறங்கிவிட்டது. பெரும்பாலும் அங்கே காணப்படுவது, சரிவர ஆவியாகாத மண்ணெண்ணெய் பிளக்கின் முனையிற் படியவிட்ட கரிதான்.

நான்கும் தவறினாலும் கொயிலைத் தண்டிக்க அவசரம் வேண்டியதில்லை. அதன் நடுவயரை எஞ்சின் உடலுக்குக் கால் அங்குலத் தொலைவிற் காவலிட்டுப் பிடித்து, பொயின்றைத் திறந்தால், நீலப்பொறி படீரெனப் பாயவேண்டும். மெலிந்த மஞ்சட்பொறி தோன்றினும் வழக்கு முடிவதில்லை. கெட்ட கண்டென்சரும் அதே பொறியைத்தான் தரும். எனவே, நல்ல கண்டென்சர் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை அவ்வாறே விட்டு, மீண்டும் சோதிப்பர். ஜோன் ஸ்ருவாட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில் வகுத்த வேற்றுமை முறை வேறென்ன? விரிவுரை மண்டபத்திற் கொட்டாவி வரவழைக்கும் அம்முறை, கராச்சிற் கரிபடிந்த கைகளில் உயிர்பெறுவது வியப்புக்குரியதன்று; அங்கே விடை பிழைத்தால் வண்டி நகராது.

ஓம்மானி உள்ளவர் நிலை எளிதெனலாம். இவ்வகைக் கொயில்களிற் பலவற்றில் முதற்சுருளின் தடை ஏறத்தாழ 3 ஓம். துணைச்சுருளினது பல ஆயிரம் ஓம். ஆயின் மானியும் ஏமாற்றும். மேசையிற் குளிர்ந்து கிடக்கும் கொயில் சரியான எண்ணையே காட்டி, பத்து மைல் ஓடிச் சூடேறியதும் உள்ளே காவல் தளர்ந்து பொறியை இழக்கும்; அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமறியாததுபோல் மீண்டும் இயங்கும். கைதேர்ந்தவர் அதனைக் கராச்சுக்குக் கொண்டுவரச் சொல்வதில்லை. வண்டி நின்ற இடத்துக்கே சென்று, கொயில் சூடாறுமுன் நடுவயரைக் கழற்றுவர்.