கவனம் திரும்பும் இடம்

மனத்தில் எந்த எண்ணம் எழ வேண்டும் என்பதை எவரும் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. எழுந்த எண்ணத்தின் பின்னால் எவ்வளவு தூரம் போவது என்பதில்தான் பழக்கத்துக்கு வேலை இருக்கிறது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் விதித்த பத்தியத்தைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்து வந்திருக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்விலும், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று பணிக்கப்பட்டவர்களின் மனத்தில் அதே கரடி திரும்பத் திரும்ப வந்து நின்றதோடு, தடை நீங்கிய பின்னர் அந்த நினைவு இன்னும் பெருகவும் செய்தது. கவலையை மறந்துவிடு என்னும் அறிவுரை பெரும்பாலும் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

மறக்க முயல்வது ஒரு முனை என்றால், நடந்ததையே ஓயாமல் கிளறும் அசைபோடுதல் மறுமுனை. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லோமா பிரீட்டா நிலநடுக்கத்துக்கு இரு வாரங்கள் முன்னர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனப்போக்கை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா தற்செயலாக அளந்து வைத்திருந்தார். ஏற்கெனவே அசைபோடும் வழக்கமுடையோரிடம், நிலநடுக்கம் நிகழ்ந்து ஏழு வாரங்கள் கழிந்தும் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாகவே காணப்பட்டன.

இவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதற்கு, புது தில்லியில் ரீடிங் சாலை என வழங்கிய இன்றைய மந்திர் மார்க்கில் ஒரு சான்று கிடைக்கிறது. 1946இலும், நாடு விடுதலை பெறும்வரை 1947இலும் காந்தியடிகள் தலைநகருக்கு வந்தபோது, அச்சாலையின் வால்மீகி கோயிலையொட்டிய துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் தங்கினார். நாட்டின் பிரிவினை நெருங்கிவந்த அந்நாட்களிலும் இராட்டை, மாலைப் பிரார்த்தனை, திங்கட்கிழமை மௌனம் ஆகியவற்றை அவர் கைவிடவில்லை. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்களிடம் தெரிவித்திருந்த வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், அன்று காந்தியடிகளையும் சந்தித்தார். காந்தியடிகளோ வாய் திறவாமல், பழைய உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். உயர் அதிகாரிகளோடு அவசரச் செய்தி பேசவும் நோயாளிகளைக் கவனிக்கவும் மௌனத்தைக் கலைக்கலாம் என்று தமக்குத் தாமே விலக்கு வைத்திருந்ததை அக்குறிப்பிலேயே சொல்லிவிட்டு, அவ்விலக்கைப் பயன்படுத்தாமல் இருந்தார். அதில் அரசியல் சாதுரியமும் கலந்திருக்கலாம். ஆயினும் இங்கே கவனிக்கத்தக்கது வேறு: மௌனம் நாவைத்தான் கட்டியதே தவிர, எண்ணத்தைக் கட்டவில்லை, குரங்கை நினைக்காதே என்று மனத்துக்கு அது ஆணையிடவில்லை, கவனம் சிதறினால் திரும்பிவர ஓர் இடத்தை மட்டும் அமைத்துக் கொடுத்தது. ஓய்வுக்காகவும் தேங்கிய கடிதங்களை எழுதி முடிப்பதற்காகவும் தொடங்கிய மௌனமே பின்னர் ஆன்மிகப் பொருள் பெற்றது என்று காந்தியடிகளே பதிவு செய்திருக்கிறார்.

அப்பழக்கங்கள் அவருடைய துயரைத் துடைத்துவிடவில்லை. ஒருகாலத்தில் 125 ஆண்டுகள் வாழ விரும்பியவர், அவ்விருப்பம் போய்விட்டதாக அவ்வாண்டிலேயே வெளிப்படையாகச் சொன்னார். கவனப் பயிற்சியை இன்பத்துக்கான குறுக்குவழியாக விற்போர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

அதே சாலையில் பிர்லா மந்திருக்கு அருகிலுள்ள மகாபோதி சங்கத்தின் புத்த விகாரை, இப்பயிற்சியின் பழைய மரபை நினைவூட்டுகிறது. மூச்சைக் கவனித்தல், விலகிய மனத்தைக் கடிந்துகொள்ளாமல் மீட்டுவருதல் என்னும் பௌத்த முறையை, 1979இல் ஜான் கபட்-சின் அமெரிக்க மருத்துவமனை ஒன்றுக்குள் கொண்டுசென்றார். அதிலிருந்து கிளைத்த சிகிச்சை, மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டோருக்கு அது திரும்ப வராமல் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. உளவியலாளர் ஜான் டீஸ்டேலும் பிறரும் 2000இல் வெளியிட்ட சோதனையில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோயுற்றவர்களுக்கு அச்சிகிச்சை தெளிவாகப் பயன்பட்டது. இரண்டு முறை மட்டும் நோயுற்றவர்களுக்கு அத்தகைய பயன் தென்படவில்லை. பலமுறை விழுந்தவர்களிடம் அசைபோடுதலே அடுத்த வீழ்ச்சியைத் தூண்டுவதாகவும், மற்றவர்களிடம் வாழ்க்கை நிகழ்வுகளின் அடியே வலிமையாக இருப்பதாகவும் ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் கூறினர்.