வியாசர்பாடி ஜீவா தாண்டும்போது



போன வாரம் நான் ஃபுட்பால் மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படத்தை உங்களில் யாரோ போட்டுவிட்டீர்கள். "டீச்சர், நீங்களா? எங்க பந்தைப் பிடுங்கி பீரோவில் வெச்சுப் பூட்டினவங்க ஆச்சே!" என்று அதன் கீழே இருபது பேருக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட விரல் வலிக்கிறது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பந்தைப் பூட்டி வைத்தது உண்மை. நம் நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த இடைநிலை ஆசிரியை என் தலையில் விளையாட்டுப் பொறுப்பும் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு த்ரோபால். நீங்கள் ஏரி வற்றினால் ஏரியில் ஆடுவீர்கள், தண்ணீர் வந்துவிட்டால் பள்ளி வாசலில் ஆடுவீர்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் தலைமை ஆசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார். வேறென்ன செய்வேன், பூட்டினேன்.

நான் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தது 2015 டிசம்பரில். அந்த மாதத்தை நம்மில் யாரும் மறக்க முடியாது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பாடப் புத்தகம், ரேஷன் கார்டு, என் கல்யாண ஆல்பம் எல்லாம் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் சேற்று வாடை போகவில்லை. கரண்ட் வந்ததும் என் மகன் டிவியில் போட்டது சென்னையின் எஃப்சி ஆட்டம். "இந்த நேரத்துல உனக்கு இது தேவையாடா?" என்று திட்டினேன். "அம்மா, இவங்களுக்கும் நம்மள மாதிரிதான். வெள்ளத்தால சொந்த ஊர்ல ஆட முடியாம புனேயில போய் ஆடுறாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் உட்கார்ந்துவிட்டேன்.

சீசனில் பாதி தாண்டியும் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. அங்கிருந்து எழுந்து வந்து அரையிறுதியில் கொல்கத்தாவைத் தோற்கடித்தது. டிசம்பர் 20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனபோது எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போய்விட்டேன். மகன் கத்திய கத்தலில் ஓடி வந்தால் 2-2. இன்னும் மூச்சு வாங்குவதற்குள் மென்டோசா இன்னொன்று போட்டுவிட்டார். 3-2, கோப்பை நமக்கு. வீட்டுக்காரர் டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசாதவர். அவரும் அன்று எழுந்து நின்று கை தட்டினார். தோசை கருகிப்போனது.

2017இல் ஓய்வு பெற்றேன். அடுத்த மார்ச் 13ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதன்முதலாக மைதானத்துக்குப் போனேன். கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியத்தில். அம்பத்தூரில் ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, பெரியமேடு வரை நடந்தோம். நீலச் சட்டைக் கூட்டம், மேளம், விசில். என் வயசுப் பெண்கள் அதிகம் கண்ணில் படவில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பத்து நிமிடத்தில் கூச்சம் போய்விட்டது.

அன்று ஜெஜே இரண்டு கோல் அடித்தார், மிசோரம்காரர். நடுவில் ஒரு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் தன்பால் கணேஷ். 3-0. அரங்கமே "கணேஷ், கணேஷ்" என்று அதிர்ந்தது. யாரப்பா இவர் என்று மகனிடம் கேட்டேன். "வியாசர்பாடி பையன்மா" என்றான். அடுத்த சனிக்கிழமை பெங்களூருவில் இறுதி ஆட்டம். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்தும், மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட்டு மறுபடியும் 3-2 என்று ஜெயித்தோம். பிரேசில்காரர்கள் மூன்று கோல் போட்ட அந்த இரவிலும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், வியாசர்பாடி.

ஏன் என்று சொல்கிறேன். இத்தனை எழுதியதே இதைச் சொல்லத்தான்.

நம் ரயில் பாதை உங்களுக்குத் தெரியும். ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், அதற்கடுத்து வியாசர்பாடி ஜீவா. அரை மணி நேரம்கூட ஆகாது. செவ்வாய்க்கிழமை இரவு திரும்பி வரும்போது அந்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது ஞாபகம் வந்தது ஒரு பையன்.

பெயர் போடப்போவதில்லை. அவனும் இதைப் படிப்பான். தொண்ணூறுகளின் நடுவில் எட்டாம் வகுப்பு. செருப்பில்லாத காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். வட்டார அளவிலான போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு விண்ணப்பத்தாள் கொடுத்து அனுப்பினார். தேர்வானால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அவன் அம்மா எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "நீங்க சொல்லுங்க டீச்சர், அனுப்பட்டுமா?" என்று கேட்டார்கள்.

நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஃபுட்பால் சோறு போடுமாம்மா? கணக்கில் நல்லா வர்றான். படிக்கட்டும்." அந்த அம்மா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் அதற்கப்புறம் பள்ளி முடியும் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அவன் கெட்டுப்போகவில்லை. ஐடிஐ படித்தான், லேத்தில் நின்றான், இன்று சொந்தப் பட்டறை, ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். நான் சொன்னது தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணேஷின் கதையும் பாருங்கள். கோப்பை வாங்கின அடுத்த சீசன் முழங்கால் காயத்தால் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. கால் ஒன்றை நம்பிப் பிழைப்பது லேசான காரியமில்லை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

அவனும் அவன் கூடப் படித்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுவது பின்னால்தான் தெரிந்தது. ஒருநாள் போய் நின்றேன். ஏரி போய் இப்போது டர்ஃப். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வாடகைக்கு எடுக்கிறார்கள். தொப்பை, முட்டி வலி, கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு ஒரு கோல்கீப்பர். இவன் மட்டும் ஓடவே இல்லை. நின்ற இடத்திலேயே இருக்கிறான், பந்து அவனிடம் வருகிறது. எனக்கு விளக்கினான்: "ஓடுறவனைப் பாக்காதீங்க டீச்சர், நிக்கிறவனைப் பாருங்க. பந்து அடுத்து எங்க வரும்னு தெரிஞ்சவன் முன்னாடியே அங்க நிப்பான். கணேஷ் செய்யறதும் அதான். டிவியில அது தெரியாது." அன்றிலிருந்து நான் ஆட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எட்டாம் வகுப்பில் நான் நடத்தியதை அவன் எனக்குத் திருப்பி நடத்திவிட்டான்.

இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தைரியம் வந்து கேட்டேன். "அன்னிக்கு அந்த ஃபார்ம்... என் மேல கோபம் இருக்காப்பா?"

ஷூ லேசைக் கட்டிக்கொண்டே சொன்னான். "நான் பெரிய ப்ளேயர் ஆயிருப்பேனான்னு தெரியாது டீச்சர். ஆனா போய்ப் பாத்திருப்பேன்."

அவ்வளவுதான். சமாதானமும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. "அந்தப் பந்தைக் கொஞ்சம் இப்படிப் போடுங்க" என்று கை நீட்டினான். போட்டேன்.

2023 ஆகஸ்டில் கொல்கத்தாவில் டூராண்ட் கோப்பை ஆட்டம். மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோலைப் போட்டவர் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ் ஒரு தமிழர் என்பதும் இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முப்பத்தைந்து வருஷம் பொது அறிவு நடத்தியவள் நான். ஒரு நாள்கூட வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

2025இல் வழக்கமாக ஐ.எஸ்.எல். தொடங்கும் மாதம் வந்தது, ஆட்டம் தொடங்கவில்லை. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியப்போகிறது என்று நிறுத்திவிட்டார்கள். பெரிய சம்பளக்காரர்கள் முதல் நேற்றுச் சேர்ந்த பையன் வரை, எப்போது ஆடுவோம் என்று தெரியாமல் காத்திருந்தார்கள். அந்த மாதங்களிலும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு வாரம் தவறவில்லை. மழை பெய்தாலும் ஆடினார்கள். சோறு போடாத ஆட்டத்தை இத்தனை வருஷம் ஒருவன் ஏன் விடாமல் ஆடுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான்தான் அதைச் சோற்றோடு மட்டும் சேர்த்துப் பார்த்தேன்.

உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இன்று ஆசிரியர்கள். மற்றவர்கள் பிள்ளை பெற்றவர்கள். ஏதோ ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒரு குழந்தை உங்களிடம் வரும். ஃபுட்பாலோ, பாட்டோ, சிலம்பமோ. கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டுப் பாருங்கள். ஆனால் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள். தேர்வில் தோற்றால் அடுத்த வாரமே வகுப்புக்கு வந்துவிடப் போகிறது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். நாற்காலி நானே கொண்டுவருகிறேன். சுக்குக் காபி ஃபிளாஸ்க் இருக்கும், டம்ளர் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். பழைய பீரோவில் பந்து யாருடையது பாக்கி என்று யாராவது கேட்டால், கமெண்டில் சொல்லுங்கள், புதுசாக வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்