ராகலையில் ஒரு விலாசம்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் உங்களில் அநேகர் இருப்பீர்கள். கிரகரி வாவியில் படகேறி, பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் படமெடுத்து, பையில் லீக்ஸும் கரட்டும் கட்டிக்கொண்டு மாலையிலேயே மலையிறங்கி விடுகிறோம். அதே நகரின் பஸ் நிலையத்தில் 'கந்தப்பளை - ராகலை' என்று பலகை மாட்டிய பஸ்களும் நிற்கின்றன. அதில் ஏறும் உல்லாசப் பயணி அபூர்வம். எனக்கு ராகலை பஜாரில் தாய்மாமா ஒருவர் கடை வைத்திருப்பதால், மத்ரஸா விடுமுறை வரும்போதெல்லாம் அந்த பஸ்ஸில் ஏறும் பாக்கியம் கிடைத்து விடுகிறது.

கந்தப்பளை வரை பாதையின் இருபுறமும் மரக்கறித் தோட்டங்கள். அதற்கப்பால் தேயிலைதான். வளைவுக்கு வளைவு மூடுபனி வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகும். இந்த வழியில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா? நானுஓயாவில் புறப்பட்டு நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை வந்த குறுகிய பாதை ரயில் அது. 1904இல் ராகலையைத் தொட்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் போகவே போடப்பட்ட பாதை. லொறிகள் வந்த பிறகு அதற்கு வேலையில்லாமல் போய், 1940களோடு நின்று போயிற்று. தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராகலை பெரிய ஊரல்ல. வலப்பனைக்கு ஒரு பாதையும் உடபுஸ்ஸல்லாவைக்கு ஒரு பாதையுமாகப் பிரியும் சந்தி. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல். சுற்றிலும் தோட்டங்கள். சம்பள நாளில் பஜாரில் நடக்க இடமிருக்காது, மற்ற நாட்களில் பனிதான் நடமாடும்.

மாமாவின் கடையில் தராசுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையக் கொப்பிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொப்பி. மா, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று மாதம் முழுவதும் எழுதி, சம்பளத்தன்று கூட்டிப் பார்த்து, கொடுத்ததைக் கழித்து, மிச்சத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவார். சில கொப்பிகள் மாமாவின் வாப்பா காலத்தவை. எழுதியவரும் இல்லை, வாங்கித் தின்றவரும் இல்லை, ஆனாலும் எறிய மனம் வருவதில்லை என்பார். "மருமகன், வெள்ளமோ ஹர்த்தாலோ எது வந்தாலும் இந்த ஆக்கள் நம்மளை ஏமாத்தினதில்ல. ரெண்டு மாசம் பிந்தும், அவ்வளவுதான்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

போன முறை நான் போயிருந்தபோது, கடையில் மூட்டை இறக்கும் பெரியவர் தயங்கித் தயங்கி என்னருகில் வந்தார். "ஹஸரத், நம்ம புள்ளைக்கு ஒரு போன் விசயம். நீங்க ஒரு தடவ கூட வந்து பேசுனா கேப்பாங்க." அவருடைய மகள் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. சொற்ப வேதனம்தான். ஆனாலும் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்து, இரவில் கைப்பேசியில் ஸூம் வகுப்புக் கேட்டுப் படிக்கிறாள். லயத்துக்குள் சிக்னல் வராது. மேலே வளைவில் உள்ள கல்லில் போய் உட்கார வேண்டும். அந்தக் குளிரில், அந்த இருட்டில், தகப்பன் டோர்ச்சோடு காவல் இருப்பாராம். பாதி வகுப்பில் டேட்டா தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் ரீலோட் போட எந்தக் கடை திறந்திருக்கும்? ஆகவேதான், மாதம் முடிந்த பின் பணம் கட்டும் இணைப்பு ஒன்று எடுத்துவிடலாம் என்று அவளுக்கு எண்ணம். முன்பே ஒருமுறை தனியாகப் போய்த் திரும்பியிருந்தாள்.

நான் உற்சாகமாகப் புறப்பட்டேன். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

ஒரு நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அடையாள அட்டையைப் பார்த்தார், சரி. "மிஸ், உங்கட பேரில, விலாசத்தோட ஒரு பில் வேணும். லைட் பில், இல்லாட்டித் தண்ணி பில்." லைட் பில் செத்துப்போன பாட்டன் பெயரில் வருகிறது. தண்ணீர் மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. ஊற்று யாருக்கும் பில் அனுப்புவதில்லை. "வங்கிக் கடன், லீசிங், கிரெடிட் காட் ஏதாவது?" ஒன்றுமில்லை. ஒருவருக்கும் ஒரு சதமும் பாக்கி வைக்காத அந்தப் பிள்ளை, அதுவே தன் குற்றம் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். விலாசத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி கேட்டார்: "வீட்டு நம்பர்?" தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ராகலை. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் லயத்துக்குப் போகும்.

நேயர்களே, ஐந்து தலைமுறையாக ஒரே மலையில் வாழும் குடும்பத்துக்கு விலாசம் இல்லை என்றால் விசித்திரமாக இல்லையா? அதன் வேர் நீளமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியவர்களின் விவகாரத்தை முடிக்க 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தப் பெரியவரின் தகப்பன் பிரஜாவுரிமைக் கடதாசி கைக்கு வரும் முன்பே கண் மூடிவிட்டாராம். நாடு கிடைத்தது. ஆனால் லயக் காம்பராவும் அது நிற்கும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். மண்ணில் பெயர் இல்லாதபோது, அதன் மேல் வரும் பில்லில் பெயர் எப்படி வரும்?

இன்னொரு விசித்திரமும் உண்டு. இவர்களுடைய பாட்டன்மாருக்குக் கடன் வரலாறு இல்லாமல் இருக்கவில்லை. கடன் வரலாறு மட்டும்தான் இருந்தது! வெள்ளைத் துரைமாரின் காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பது. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடவே நடந்து போகும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அன்று கடன் சீட்டு இருந்ததால் அசைய முடியவில்லை. இன்று கடன் சீட்டு இல்லாததால் ஒரு சிம் அட்டை வாங்க முடியவில்லை.

நிற்க. அந்தக் கவுண்டரில் எனக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். "நான் பொறுப்பு நிற்கிறேன்" என்றேன். ஃபத்ஹுல் முஈன் கிதாபில் ளமான் பாடத்தை, அதாவது பிறர் கடனுக்குப் பிணை நிற்கும் சட்டங்களை, வருடந்தோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். அந்தத் தம்பி சொன்னார்: "பொறுப்பு நிக்கிற முறை எங்களுக்கு இல்ல ஹஸரத். நீங்க உங்கட பேரிலயே எடுத்து அவங்களுக்குக் குடுங்க." நான் வாயடைத்துப் போனேன். என் பெயரில் நம்பர். நாளைக்கு அந்த நம்பரிலிருந்து என்ன போனாலும் என் தலை. பில் கட்டாவிட்டால் என் பெயர் கெடும். ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம்தான், என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் உடனே, "வேணாங்க ஹஸரத். ஒங்க பேர்ல எடுத்தா அது ஒங்க போனு. புள்ள பேருக்கு எப்ப ஒண்ணு வர்றது?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாடம் நடத்துவது லேசு.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பிள்ளை தன் கைப்பேசியைக் காட்டினாள். அதே நிறுவனம் அனுப்பிய செய்தி: உங்கள் மீதி குறைந்துவிட்டது, கடன் ரீலோட் வேண்டுமா? கட்டணம் ஒன்றைக் கழித்துக்கொண்டு கடன் கொடுக்கிறார்கள். அதற்கு பில் கேட்கவில்லை, வீட்டு நம்பர் கேட்கவில்லை. எப்படி நம்பினார்கள்? அவள் எத்தனை வருடமாக, எவ்வளவு, எந்தத் தேதியில் ரீலோட் போட்டாள் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. மாமாவின் கொப்பி போலவே ஒரு கொப்பி! சில்லறைக் கடன் கொடுக்க அந்தக் கொப்பியைப் புரட்டுகிறார்கள், மாத இணைப்புக் கொடுக்க மட்டும் புரட்ட மாட்டேன் என்கிறார்கள்.

கென்யாவில் 2012இலேயே 'எம்-ஷ்வாரி' என்று ஒரு திட்டம் வந்தது. கைப்பேசியில் பணம் அனுப்பிப் பெற்ற பழக்கத்தைப் பார்த்தே ஏழைகளுக்கு வங்கிக் கடன் கொடுத்தார்கள். அதில் வட்டி விவகாரம் இருக்கிறது, நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் லைட் பில் ஒன்றுதான் ஒருவனின் நாணயத்துக்கு அத்தாட்சி என்பதில்லை என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளை, அங்கே இறங்கியதும் 'கிரெடிட்' வரலாறு இல்லாத அநாமதேயம். முன்பணம் கட்டு, அல்லது ரீலோட் போட்டுப் பேசு என்பார்கள். நம் நாட்டிலும் 1990ஆம் ஆண்டின் சட்டப்படி கடன் தகவல் பணியகம் ஒன்று உண்டு. 'கிரிப்' என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். கிரிப்பில் பெயர் இருந்தாலே கெட்டவன் என்று பயப்படுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அப்படியல்ல. ஒழுங்காகக் கட்டியதும் அதில்தான் பதிவாகிறது.

அன்றிரவு மாமாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டிலிருந்து அந்தக் குடும்பத்தின் கொப்பிகளை இறக்கி, மேசையில் போட்டு, "இதைக் கொண்டு போய்க் காட்டுங்க!" என்றார். பெரியவர் சிரித்தார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுத்த வசனம், பயணத்தில் எழுத்தாளன் கிடைக்காதபோது அடகுப் பொருளைக் கையில் கொடுப்பதைப் பற்றியது. எழுதுபவரும் இருந்து, எழுத்தும் இருந்து, அந்த எழுத்தை வாசிக்க மாட்டோம் என்று ஒரு தரப்பு சொன்னால் என்ன செய்வது? மாமா மறுபடி கொப்பிகளை அடுக்கினார். அந்தப் பிள்ளை மட்டும் அடகு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "முன்பணம் கட்டினா எடுப்பாங்களா, ஹஸரத்?"

அதன் பிறகு நடந்ததில் என் பங்கு ஒன்றுமில்லை. அவளே கிராம உத்தியோகத்தரிடம் போய் வதிவிடச் சான்றிதழ் எடுத்தாள், பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கினாள். அதற்கு இரண்டு நாள் லீவு போட வேண்டியிருந்தது, இரண்டு நாள் வேதனமும் போயிற்று. முன்பள்ளி வேதனம் விழும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போனாள். அங்கிருந்த மேலாளர் அம்மா எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்து, முன்பணம் கட்டச் சொல்லி, இணைப்பைக் கொடுத்துவிட்டார். சட்டம் ஒன்றுதான், வாசிக்கும் கண் வேறு. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் திரும்பி வந்திருந்தால், இந்த மூன்று கடதாசிகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கவும் மறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டிக்கும்போது அதைத் திருப்பிக் கேட்க அது வேண்டும்.

நோன்புப் பெருநாள் கழிந்து மாமாவோடு தொலைபேசியில் பேசியபோது மீதிக் கதை தெரிந்தது. முதல் பில் வந்ததாம், ஆனால் கைப்பேசியில் செய்தியாக. பெரியவருக்கு ஏமாற்றம். தோட்டத்து ஒபீசில் மகளின் பெயருக்கு ஒரு கடிதம் வரும், அதில் விலாசம் அச்சடித்திருக்கும், அதை அடுத்த அலுவலில் காட்டலாம் என்று காத்திருந்திருக்கிறார். பிள்ளை மறுபடியும் கிளைக்குப் போய், தனக்குக் கடதாசியிலேயே பில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "ஒவ்வொரு நாளும் ஒபீஸ் பக்கம் போய் எட்டிப் பார்த்துட்டுத்தான் கடைக்கு வாறார், மருமகன். தபால் வந்துச்சான்னு நானும் கேக்கிறன்" என்றார் மாமா.