யார் பெயரில் எழுதுவது?

உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்னும் வழக்கம் உலகில் மிகப் பழையது. அதனை நான் நூல்களில் கற்கவில்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் கற்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். விடியுமுன் பெரட்டு முடிந்ததும் என் தந்தையார் தம் நிரைக்குப் புறப்படுவார். கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு என் தாயாரும் அதே நிரைக்குச் செல்வார். மேட்டு மரங்களைத் தந்தையார் வெட்டுவார். பள்ளத்து மரங்களைத் தாயார் வெட்டுவார். வெயில் ஏறியதும் இருவரும் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு வருவர். கிராணியார் நிறுத்துப் பார்த்து ஏட்டில் எழுதுவார். ஒரு நாள் நான் அவர் அருகே நின்று, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "உன் அப்பன் பெயரை" என்றார். "அம்மா பெயர் எங்கே?" என்றேன். நின்றிருந்தோர் யாவரும் சிரித்தனர். என் தாயாரும் சிரித்தார். அச்சிரிப்பின் பொருள் எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

அது விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளக்கியதோ ஒரு சலவைக்கல். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள், என்னையும் என் துணைவியாரையும் பாரிஸ் மாநகருக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ரோடின் என்னும் பெருஞ்சிற்பியின் பெயரால் 1919ஆம் ஆண்டு முதல் ஒரு பொருட்காட்சி சாலை நடந்து வருகிறது. முகவாயைக் கைமேல் ஊன்றி அமர்ந்திருக்கும் 'சிந்தனையாளன்' சிலையைப் படத்திலேனும் காணாதார் சிலரே. அதனைச் செய்தவர் அவர். அவருடைய படைப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்த நாங்கள், வேறொருவர் செய்த சிற்பங்கள் வைக்கப்பட்டிருந்த ஓர் அறையை அடைந்தோம். வெள்ளைச் சலவைக்கல்லில் ஓர் ஆடவன் மண்டியிட்டு நிமிர்ந்து நோக்குகிறான்; ஒரு பெண் தளர்ந்து அவன்மேல் சாய்கிறாள். என் துணைவியார் அதன் முன் அசையாது நின்றுவிட்டார். அச்சிற்பத்தின் பெயர் உரோமப் பழங்கதையில் வரும் இரு தெய்வங்களின் பெயர் என்றும், ஆனால் சிற்பி முதன்முதல் அவ்வுருவைச் சமைத்தபோது இட்ட பெயர் 'சகுந்தலை' என்றும் மகள் கூறினாள்.

சகுந்தலை! காளிதாசனின் நாடகத்தை அறிந்தவர்க்குக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மன்னன் ஒரு மங்கையை மணந்தான், மறந்தான், மோதிரத்தைக் கண்டபின் நினைவு வந்து வருந்தினான். அம்மன்னன் அவள் முன் மண்டியிடும் கட்டத்தைத்தான் அச்சிற்பி தேர்ந்துகொண்டார். அச்சிற்பி ஒரு பெண். பெயர் காமில் குளோதெல். அவரை உலகமும் மறந்தது. ஆனால் அவருக்கு மோதிரம் கிடைக்கவில்லை.

பிரஞ்சு நாட்டின் வடபகுதியில் ஒரு சிற்றூரில் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் காமில் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். சிறுமியாய் இருந்தபோதே களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்வதில் அவருக்குத் தணியாத வேட்கை. தாயாருக்கு அது பிடிக்கவில்லை. தந்தையார் மட்டும் ஆதரித்தார். நோஜான் என்னும் ஊரில் குடியிருந்த காலத்தில், பூஷே என்ற சிற்பி அப்பெண்ணின் கைவேலையைக் கண்டு வியந்து வழி காட்டினார். பின்னர்க் குடும்பம் பாரிஸுக்குச் சென்றது.

பாரிஸில் சிற்பம் கற்பிக்க அரசாங்கக் கலாசாலை இருந்தது. ஆனால் அதன் கதவு பெண்களுக்கு அடைபட்டிருந்தது. 1897ஆம் ஆண்டில்தான் அது திறந்தது. அப்பொழுது காமிலுக்கு வயது முப்பத்திரண்டு. ஆதலின் அவர் பணம் கட்டித் தனியார் பள்ளியில் பயின்றார். தோழியரோடு சேர்ந்து ஒரு வேலைக்கூடத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பூஷே இத்தாலிக்குச் செல்லுங்கால், தம் மாணவியரைக் கவனிக்குமாறு ரோடினிடம் ஒப்படைத்தார். இவ்வாறு, பதினெட்டு வயதை ஒட்டிய நங்கையும் நாற்பதைக் கடந்த ஆசிரியரும் சந்தித்தனர்.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். ஆண்மகனுக்குக் கலாசாலை உண்டு. ஆசிரியர் பலர் உண்டு. ஒருவரோடு மனம் ஒவ்வாவிடின் மற்றொருவரிடம் போகலாம். பெண்ணுக்கோ ஓர் ஆசிரியரின் தயவே கலாசாலை. அவ்வாசிரியரே காதலராகவும் ஆகிவிட்டால், காதல் முறியும் நாளில் கலாசாலையும் சேர்ந்தன்றோ இடிந்து விழுகிறது!

1884ஆம் ஆண்டளவில் காமில் ரோடினின் வேலைக்கூடத்தில் துணைச் சிற்பியாகச் சேர்ந்தார். ரோடின் அக்காலத்தில் 'நரகத்தின் வாயில்', 'கலே நகரத்தார்' ஆகிய பெரும்பணிகளில் ஈடுபட்டிருந்தார். அவற்றின் உருவங்களுக்குரிய கைகளையும் பாதங்களையும் வனையும் வேலை காமிலுக்கு வாய்த்தது. சிற்பத்தில் கையும் காலும் எளியவை என்று எண்ணற்க. உள்ளத்தின் நடுக்கத்தை முகத்தினும் மிகுதியாகக் காட்டுவன அவையே. ஆயினும் வேலைக்கூடத்தின் வழக்கப்படி, வெளியே செல்லும் சிற்பத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். எங்கள் கிராணியாரின் ஏட்டைப் போல.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாகவே நடந்ததென்று நான் கூறவில்லை. மாணவி ஆசிரியரிடம் கற்றார். ஆசிரியரும் மாணவியிடம் பெற்றார். கதிர்க்கட்டோடு அமர்ந்திருக்கும் ஓர் இளம்பெண்ணைக் காமில் செய்தார். அதன்பின் ரோடின் செய்த 'கலாத்தேயா' அதனையே பெரிதும் ஒத்திருக்கிறது. எவரிடமிருந்து எவர் கற்றனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ரோடினுக்கோ 1864ஆம் ஆண்டு முதலே ரோஸ் என்னும் துணைவி ஒருத்தி இருந்தாள். 1886ஆம் ஆண்டில் அவர் காமிலுக்கு எழுத்து மூலம் ஓர் உறுதி அளித்தார்: வேறு மாணவியரை ஏற்பதில்லை, காமிலை மணந்துகொள்வேன் என்று. அவ்வுறுதி நிறைவேறவில்லை. 1892ஆம் ஆண்டை ஒட்டிக் காமில் பிரிந்து வாழத் தொடங்கினார். முடிவில் ரோடின் மணந்தது ரோஸைத்தான். அதுவும் 1917ஆம் ஆண்டு ஜனவரியில். இரு வாரங்களில் அவ்வம்மை இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் ரோடினும் இறந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டு உழைத்தவளுக்கு மனைவி என்ற பெயர் இரண்டு வாரம்! அவளுக்காகவும் ஒரு சொல் வருந்துவது முறை.

பிரிந்த பின்னரே காமிலின் தனிக்கலை முழுதும் மலர்ந்தது. நான்கு பெண்கள் தலைகூட்டி ஏதோ இரகசியம் பேசிக்கொண்டிருக்கும் சிறு சிற்பம் ஒன்று அவ்வறையில் இருக்கிறது. பெரும் வீரர்களும் தேவர்களும் சிலையாகிக்கொண்டிருந்த காலத்தில், பேச்சில் மூழ்கிய சாதாரணப் பெண்களைக் கல்லில் வைக்க அவர் துணிந்தார். 1893ஆம் ஆண்டு தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், இப்புதிய எண்ணங்களில் ரோடினின் சாயல் சிறிதும் இல்லை என்று அவரே மகிழ்ந்து எழுதினார். மிகக் கடினமான ஓனிக்ஸ் கல்லையும் அவர் தம் கையாலேயே செதுக்கினார். புகழ்பெற்ற சிற்பியர் பலர் களிமண்ணில் மாதிரி செய்துவிட்டுக் கல்வேலையைக் கூலியாட்களிடம் விட்ட காலம் அது.

ஆனால் கவிஞனுக்குத் தாளும் மையும் போதும். சிற்பிக்குச் சலவைக்கல் வேண்டும், வெண்கலம் வேண்டும், வார்ப்பதற்குக் கூலி வேண்டும். செல்வரோ அரசாங்கமோ ஆணை கொடுத்தாலன்றிக் களிமண் உரு கல்லாவதில்லை. ஆணும் பெண்ணும் தழுவி ஆடும் 'நடனம்' என்ற சிற்பத்தைச் சலவைக்கல்லில் செய்ய அவர் அரசாங்கத்தை வேண்டியபோது, பார்வையிட வந்த அதிகாரி உருவங்கள் ஆடையின்றி இருப்பதைக் குறை கூறினார். ரோடினின் ஆடையற்ற சிலைகளை உலகம் கலையென்று போற்றிற்று. பெண் செய்தால் மட்டும் அது நாணமின்மை ஆயிற்று. அவர் ஆடை சேர்த்துக் கொடுத்தார். கல் வேலை அப்பொழுதும் கைகூடவில்லை. 1895ஆம் ஆண்டு அரசாங்கம் 'முதிர்ந்த பருவம்' என்னும் சிற்பத்தைச் சுதையில் செய்யப் பணித்தது. வெண்கலத்தில் வார்க்கும் ஏற்பாடு 1899ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பின்னர் ஒரு படைத்தலைவர் சொந்தப் பணத்தில் அதனை வார்ப்பித்தார்.

அச்சிற்பத்தில், வயது முதிரும் ஆடவனை ஒரு கிழவி இழுத்துச் செல்கிறாள். ஓர் இளநங்கை முழந்தாளிட்டுக் கைகளை நீட்டிக் கெஞ்சுகிறாள். காண்போர் பலரும், "இவர் ரோடின், இவள் ரோஸ், இவள் காமில்" என்று சுட்டிவிட்டு நகர்கின்றனர். இளமை கைநழுவ முதுமை இழுத்துச் செல்வது மாந்தர் அனைவர்க்கும் உரிய துயரமன்றோ? ஆண் சிற்பி செய்திருந்தால் அதை மனித வாழ்வின் தத்துவம் என்போம். பெண் செய்ததால் அவள் வீட்டுக் கதை என்கிறோம்.

வறுமையும் தனிமையும் அவரை வாட்டின. தம் எண்ணங்களை ரோடின் களவாடுகிறார், தம்மைக் கெடுக்கச் சூழ்ச்சி செய்கிறார் என்ற அச்சம் நோயாக முற்றியது. தாம் செய்த உருவங்களைத் தாமே சுத்தியால் நொறுக்கினார். 1913ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் அவரை ஆதரித்த தந்தையார் இறந்தார். சில நாட்களே கழிந்தன. 10ஆம் நாள், குடும்பத்தார் வேண்டுகோளின்படி அவரை மனநோய் விடுதிக்குக் கொண்டு சென்றனர். மறு ஆண்டு போர் மூண்டதால் அவிஞோன் நகருக்கு அருகிலுள்ள மற்றொரு விடுதிக்கு மாற்றினர். 1920ஆம் ஆண்டில் அங்கிருந்த வைத்தியர், அவரை வெளியே விட்டுப் பார்க்கலாம் என்று தாய்க்கு எழுதினார். தாய் மறுத்தார். மகளை ஒரு முறையேனும் சென்று பார்க்கவுமில்லை. தம்பியோ பெருங்கவிஞர்; பல நாடுகளில் பிரஞ்சுத் தூதராக வீற்றிருந்தவர். முப்பது ஆண்டுகளில் சில முறை வந்து பார்த்துச் சென்றார். 1943ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் காமில் அவ்விடுதியிலேயே இறந்தார். அவருக்கென்று ஒரு கல்லறையும் இன்று இல்லை. கல்லை உயிர்ப்பித்த கைக்கு ஒரு கல் இல்லை!

அன்பர்களே! இக்கதையைக் கேட்பவர் ரோடினைச் சபித்துவிட்டு அமைதி அடைகின்றனர். அவர் வாக்குத் தவறியவர், அதில் ஐயமில்லை. ஆயினும் பிரிந்த பின்பும் காமிலுக்கு மறைமுகமாகப் பொருளுதவி செய்தார்; தம் பெயரால் அமையும் சாலையில் காமிலுக்கு ஓர் அறை ஒதுக்க இசைந்தார். விடுதியின் கதவைப் பூட்டியவர் அவரல்லர். குடும்பத்தின் மானம் ஒரு பெண்ணின் வாழ்வினும் பெரிது என்ற வழக்கம் அதைப் பூட்டியது. கலாசாலையைச் சாத்தியதும், கல்லை மறுத்ததும் அவ்வழக்கத்தின் உடன்பிறப்புகளே. ஒரு தனி மனிதனைக் குற்றவாளியாக்கினால் நாம் யாவரும் எளிதில் தப்பிவிடுகிறோம்.

நான் தப்ப முடியவில்லை. நான் ஆசிரியனாய் இருந்தவன். கட்டுரைகளும் பள்ளி நாடகங்களும் எழுதியவன். என் துணைவியாரும் ஆசிரியை. என் எழுத்தை முதலில் படித்துத் திருத்துபவர் அவரே. ஒரு நாடகத்தில் தாய் பேசும் காட்சி முழுவதும் அவர் எழுதியது. அக்காட்சியைக் கண்டு அவையோர் கண்ணீர் விட்டனர். மாலை என் கழுத்தில் விழுந்தது. அவர் மாணவர்க்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருமணத்திற்கு முன் அவரும் கதைகள் எழுதியவர். பின்பு எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கிராணியாரின் ஏட்டைக் கேள்வி கேட்ட சிறுவன், தானே கிராணியாகிவிட்டதை அறியாமல் இருந்தான்.

காமிலின் பெயர் இன்று மீண்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டு ரோடின் சாலையில் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தனர். மறு ஆண்டு தம்பி சில சிற்பங்களை அச்சாலைக்கு அளித்தார். 2017ஆம் ஆண்டு, அவர் பெண்பிள்ளையாய் மண் பிசைந்த நோஜான் நகரில், அவர் பெயராலேயே ஒரு பொருட்காட்சி சாலை திறக்கப்பட்டது. நன்று. ஆனால் உளி பிடித்த காலத்தில் அவர் வேண்டியது கல். மறைந்த பின் நாம் கொடுப்பது கண்ணீர்.

இக்கட்டுரையை எழுதி முடித்து என் துணைவியாரிடம் கொடுத்தேன். ஆறு இடங்களில் திருத்தினார். "இதன் கீழ் நம் இருவர் பெயரையும் இடுவோம்" என்றேன். அவர் தலையசைத்தார்.

"வேண்டாம். இது நீங்கள் எழுதியது. உங்கள் பெயரே இருக்கட்டும். மாலை வேளைகளில் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால், நானும் ஒரு கதை எழுதுவேன். அதன் கீழ் என் பெயரை நானே எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அன்று மாலை முதல் அடுப்படி என் பொறுப்பில் இருக்கிறது. குழம்பில் உப்புச் சற்று மிகுகிறது, கதை வளர்ந்துகொண்டிருக்கிறது.