கொம்பனித்தெருவும் எங்கள் வீட்டு இலக்கமும்

பெருநாள் விடுமுறை நெருங்கினால் எங்கள் வகுப்பில் எல்லோரும் ஊர்க்கதை பேசத் தொடங்கிவிடுவார்கள். அக்கரைப்பற்று, மாவனல்லை, புத்தளம், பேருவளை என்று ஆளுக்கொரு ஊர். "உனக்கென்ன, கொழும்பு. கொழும்பெல்லாம் ஒரு ஊரா?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கும் கொழும்பு ஊர் இல்லைதான். என் ஊர் கொம்பனித்தெரு.

கொம்பனி என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி. ஆங்கிலத்தில் இதே இடத்துக்கு 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு என்று பெயர். பேரை வாவி சூழ்ந்திருந்த இந்த நிலத்தில் ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தார்கள். பகலில் அவர்களுக்குக் கோட்டைக்குள் வேலை. நீந்தித் தப்பிவிடாமல் இருக்க வாவியில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. உம்மம்மா அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் முதலைகளின் தொகை கூடும். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அதற்குப் பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்மையில்தான் ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞவீதிய என்றே எழுதவேண்டும் என்று தீர்மானித்தார்கள். இழிவான பெயர் ஒழிந்தது நல்லதுதான் என்றார் வாப்பா. எனக்கு அரை மனதுதான். அடைத்து வைத்த கொம்பனியின் பெயர் நிலைத்துவிட்டது. அடைபட்டவர்களைப் பற்றி அங்கே மிஞ்சியிருந்த ஒரே சொல் போய்விட்டது.

எங்கள் பக்கம் மலாய்க் குடும்பங்கள் நிறைய. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலான தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் வழியினர். ஆங்கிலேயர் அவர்களைத் தம் படையில் சேர்த்துக்கொண்டார்கள். இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. ஆனால் ரைபிள் வீதி இருக்கிறது, மலே வீதி இருக்கிறது. 1786இல் பண்டான் பாலி என்ற ஜாவாக்காரர் கட்டிய வேகந்தப் பள்ளிவாசலும் இருக்கிறது. அந்தப் பள்ளியின் பாங்கு கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பதும் இறக்குவதும்.

புறக்கோட்டையின் கதை வேறு. ஒல்லாந்தர் காலத்தில் சோனகர் கோட்டையிலோ புறக்கோட்டையிலோ வீடு வளவு வாங்கத் தடை இருந்தது. 1830களில்தான் ஆங்கிலேயர் அதை நீக்கினார்கள். பழைய சோனகத் தெருவும் புதிய சோனகத் தெருவும் அளுத்கடைப் பக்கம் தள்ளி இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தடைதான் ஞாபகம் வரும். பிறகு 1909இல் அதே புறக்கோட்டையின் நடுவில், 2ஆம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளி எழும்பி நின்றது. கட்டடக்கலையைப் பாடமாகப் படிக்காத ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை வரைந்த படம் அது.

எங்கள் வீடு ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. மூன்று பேர்ச்சஸ்தான், ஆனால் உறுதி இருந்தது. அபிவிருத்தி என்று சொல்லி ஒழுங்கை முழுவதையும் எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மாடிவீடு தருவதாகச் சொன்னார்கள். வாடகை வீட்டிலேயே ஐந்து நோன்புப் பெருநாள் கழிந்தது. இப்போது பதினோராவது மாடியில் இருக்கிறோம். நீர்க்குழாய் ஒழுங்காக வருகிறது, மழைக்கு வீடு ஒழுகுவதில்லை, எனக்குப் படிக்கத் தனி மூலை உண்டு. இவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் லிப்ட் பழுதானால் உம்மம்மாவுக்கு அன்று வெளியுலகம் இல்லை. பக்கத்து மலாய் மாமி மதிலுக்கு மேலால் நீட்டிய பிட்டும் பாபத்தும் இப்போது மாதத்துக்கு ஒருமுறை தெமட்டகொடையிலிருந்து பஸ் ஏறி வருகின்றன. ஒழுங்கைக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போய்விட்டார்கள்.

ஒருநாள் உம்மம்மா வந்த தபால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த இலக்கத்துக்கு ஒரு மௌத்துச் செய்தி வந்தா, அது எங்கட வீட்டுக்கு வந்ததுண்டு எனக்கு விளங்குமா புள்ள?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தை விரித்துவைத்து, ஒழுங்கை வாயிலில் இருந்து தொடங்கச் சொன்னேன்.

தையற்காரர் வீடு, அதற்குப் பக்கத்தில் இடியப்பம் அவித்த தாத்தா, பிறகு பொதுக்குழாய், அதற்கு நேரே கறாமா மரம், புறா வளர்த்த நானா வீடு. சில வீடுகளுக்கு உம்மம்மாவிடம் இலக்கம் இல்லை, வாசல் நிறம்தான் உண்டு. யார் யார் எந்த வருடம் குடிவந்தார்கள், எந்த வீட்டில் வெள்ளம் எதுவரை ஏறியது என்றும் எழுதிக்கொண்டேன். ரைபிள் படையில் இருந்த ஒருவரின் பேரன் நடுவீட்டில் இருந்தாராம். அதைக் கேட்டபோதுதான் புத்தகத்தில் வாசித்த 1873 எங்கள் மதிலுக்கு எவ்வளவு கிட்ட இருந்தது என்று விளங்கியது.

இருபத்தாறு வீடுகளில் இருபத்துமூன்றைக் குறித்துவிட்டோம். குழாய்க்குப் பின்னால் மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் உம்மம்மா அதிகம் போனதில்லையாம். இந்தச் சஞ்சிகை பெற்றோர் கைக்கும் போகும் என்பதால் கேட்கிறேன்: உங்களில் யாராவது கொம்பனித்தெருவில் இருந்து எழும்பிப் போனவர்களா? குழாயடிக்குப் பின்னால் யார் இருந்தார்கள்?